கறுப்பு மண், வெள்ளைப் பஞ்சு, ஒரு பெரும்போர்

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒன்பது அடி உயரமும் பதினைந்து அடி அகலமும் கொண்ட ஓர் ஓவியம் இருக்கிறது. 1864-இல் பிரான்சிஸ் கார்ப்பென்டர் வரைந்தது. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், அடிமைகளை விடுவிக்கும் அறிவிப்பை முதன்முதலாகத் தம் அமைச்சர்களுக்குப் படித்துக் காட்டும் காட்சி அது. பார்க்கிறவர்கள் எல்லாரும் லிங்கனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் வலப்பக்க மூலையைப் பார்ப்போம். அங்கே ஒரு வரைபடம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஓவியர் கற்பனையில் சேர்த்த வரைபடம் இல்லை அது. அமெரிக்கக் கடலோர அளவைத் துறையினர் 1861-இல் உண்மையிலேயே அச்சிட்டது. 1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து, தென் மாநிலங்களின் ஒவ்வொரு மாவட்டத்திலும் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்று கணக்குப் போட்டார்கள். எண்ணிக்கை கூடக் கூட அந்த மாவட்டத்துக்கு அடர்த்தியான நிறம் பூசினார்கள். இன்று தேர்தல் முடிவு, மழை அளவு, நோய்ப் பரவல் எல்லாவற்றுக்கும் நிறம் பூசிய வரைபடங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அந்த வகையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று இது. லிங்கன் இதை அடிக்கடி விரித்து வைத்துப் பார்ப்பாராம்.

அந்த வரைபடத்தில் நிறம் ஒரே சீராக இல்லை. மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும் கறுப்பு. தென் கரோலினாவின் கடலோரத்தில் கறுப்பு. அலபாமா மாநிலத்தின் குறுக்கே, பிறை நிலா போல வளைந்து, ஒரு கறுப்புப் பட்டை. ஆனால் அப்பலாச்சியன் மலைப்பகுதிக்குப் போனால் வெளிறிக்கிடக்கிறது. ஒரே நாடு, ஒரே சட்டம், பக்கத்துப் பக்கத்து மாவட்டம். ஏன் இந்த வேறுபாடு?

ஆற்றங்கரை சரி, வண்டல் மண். கடலோரம் சரி, பழைய நெல் வயல்கள். அலபாமாவின் அந்தப் பிறைக்கு விடை தேட, நாம் ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

அப்போது டைனோசர்கள் உலவின. இன்றைய அலபாமாவின் பாதி, கடலுக்கு அடியில் இருந்தது. ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் அதில் கோடி கோடியாக மிதந்தன. அவற்றின் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பாலான சின்னஞ்சிறு தகடுகள் இருந்தன. உயிரிகள் செத்தபோது அந்தத் தகடுகள் கடலடியில் படிந்தன. படிந்து படிந்து, இறுகி, வெண்ணிறச் சுண்ணக்கல் ஆயின. பிறகு கடல் பின்வாங்கியது. சுண்ணக்கல் மழையிலும் வெயிலிலும் கரைந்து மண்ணானது. அதன்மேல் புல் முளைத்து மக்கி, கறுத்த, வளமான மண் உண்டானது. பழைய கடல் எங்கே இருந்ததோ அதே வளைவில் இந்தக் கறுப்பு மண் கிடக்கிறது.

அந்த மண்ணில் பருத்தி செழித்து வளர்ந்தது. பருத்தி வளர்ந்த இடத்துக்கு அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வரைபடத்தின் கறுப்பு அப்படி வந்தது.

உடனே, "கடல்தான் அடிமைமுறைக்குக் காரணம்" என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். நல்ல மண்ணில் கூலி கொடுத்தும் பயிர் செய்யலாம். மண் பருத்தியைத் தந்தது. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் விலைக்கு வாங்கலாம் என்ற சட்டத்தை எழுதியவர்கள் மனிதர்கள்.

ஒட்டிக்கொண்ட கொட்டை

பருத்திக் காயை நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சுக்குள் கொட்டை இருக்கும். பஞ்சு என்பதே அந்தக் கொட்டையின் மேல்தோலில் முளைத்த முடிதான். ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணு.

அமெரிக்காவில் இரண்டு வகைப் பருத்தி விளைந்தது. ஒன்று நீள இழைப் பருத்தி. அதன் கொட்டை வழுவழுப்பானது. இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துச் சுற்றினால் பஞ்சு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். இந்தியாவில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய கைப்பொறியும் இதே உருளை வேலைதான். ஆனால் அமெரிக்காவில் இந்த வகை கடலோரத் தீவுகளிலும் அவற்றை ஒட்டிய கரையிலும் மட்டுமே சரியாக வளர்ந்தது. மற்றொன்று குட்டை இழைப் பருத்தி. உள்நாட்டில் எங்கும் வளரும். ஆனால் அதன் பச்சைநிறக் கொட்டை பஞ்சை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ஓர் ஆள் நாள் முழுவதும் உட்கார்ந்து பிய்த்தாலும் ஏறத்தாழ அரைக் கிலோ பஞ்சுதான் தேறும்.

1793-இல் ஜார்ஜியா மாநிலத்தில், கேத்தரின் கிரீன் என்ற அம்மையாரின் பண்ணையில் தங்கியிருந்த ஈலை விட்னி என்ற இளைஞர் இதற்கு ஒரு பொறி செய்தார். மர உருளை ஒன்றில் கம்பிப் பற்கள். எதிரே குறுகலான இடுக்குகள் கொண்ட தடுப்பு. உருளை சுழலும்போது பற்கள் பஞ்சை இடுக்கு வழியாக இழுத்துவிடும். கொட்டை பருமனாக இருப்பதால் இந்தப் பக்கமே நின்றுவிடும். பற்களில் சிக்கிய பஞ்சை எதிர்த்திசையில் சுழலும் தூரிகை துடைத்தெடுக்கும். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு அரைக் கிலோ என்பது இருபது கிலோவைத் தாண்டியது. 1794 மார்ச்சில் விட்னிக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்தப் பொறியின் யோசனையில் வேறு சிலருக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓர் அடிமை ஏதேனும் கண்டுபிடித்திருந்தாலும் பெயர் பதிவாகியிருக்காது. அடிமை கண்டுபிடித்த கருவிக்குக் காப்புரிமை தர முடியாது என்று 1858-இல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞரே கருத்துச் சொல்லியிருக்கிறார்.

இனி ஒரு கேள்வி. வேலையைக் குறைக்கும் பொறி வந்துவிட்டது. அடிமைகளின் தேவை குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு கல்யாண வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்தில் மின்பொறி வந்துவிட்டது. தேங்காய்ப்பூ மலைபோல் குவிகிறது. "அப்படியானால் இருநூறு பேருக்குப் பதில் இரண்டாயிரம் பேரை அழைக்கலாம்" என்று வீட்டுக்காரர் முடிவு செய்தால் என்ன ஆகும்? காய் நறுக்க, அடுப்பைப் பார்த்துக்கொள்ள, பரிமாற, இலை எடுக்க முன்பைவிடப் பல மடங்கு ஆள் வேண்டும். பருத்தியில் நடந்ததும் இதுதான். கொட்டை நீக்குவதற்குத்தான் பொறி வந்தது. காட்டை வெட்ட, உழ, களை எடுக்க, செடி செடியாகக் குனிந்து பஞ்சு எடுக்கப் பொறி வரவில்லை. அதற்குக் கைகள் வேண்டும். இங்கிலாந்தின் நூற்பாலைகளோ எவ்வளவு பஞ்சு வந்தாலும் விழுங்கத் தயாராக இருந்தன.

கணக்கைப் பாருங்கள். 1790-இல் அமெரிக்காவின் பருத்தி விளைச்சல் ஏறத்தாழ 3,000 பொதி. 1860-இல் ஏறத்தாழ 40 லட்சம் பொதி. அதே 70 ஆண்டுகளில் அடிமைகளின் எண்ணிக்கை சுமார் 7 லட்சத்திலிருந்து 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கு ஏறியது. நாட்டின் மொத்த மக்கள்தொகை 3 கோடியே 14 லட்சம். அதாவது எட்டுப் பேரில் ஒருவர், சட்டத்தின் பார்வையில், மாடு கன்று போல ஒருவரின் சொத்து. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் பருத்தியிலிருந்து வந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் உள்நாட்டு விற்பனைக்குத் தடை இல்லை. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேர் தெற்கே பருத்திக் காடுகளுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பலர் சங்கிலியில் கோக்கப்பட்டு நடந்தே போனார்கள். தாய் ஒரு பண்ணைக்கு, பிள்ளை ஒரு பண்ணைக்கு. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது பல தென் மாநிலங்களில் குற்றம். மேரிலாந்தில் பிறந்த பிரெடெரிக் டக்ளஸ் என்ற சிறுவனுக்கு எஜமானி எழுத்துச் சொல்லித்தர ஆரம்பித்தார். கணவர் அதட்டியதும் நிறுத்திவிட்டார். சிறுவன் விடவில்லை. தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து, பதிலுக்கு எழுத்துக் கற்றுக்கொண்டான். 1838-இல் தப்பி வடக்கே போனான். அடிமைமுறைக்கு எதிராகப் பேசியவர்களில் அவனைவிடப் பெரிய பேச்சாளன் அந்த நாட்டில் இருக்கவில்லை.

அறிவியல் பேசுகிற பத்திரிகையில் இதையும் சொல்லியே ஆக வேண்டும். அக்காலத்தில் "அறிவியல்" என்ற பெயரில் அடிமைமுறைக்கு முட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் 1851-இல், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதினார். அதற்குக் கிரேக்க ஓசையோடு ஒரு பெயரும் சூட்டினார். சோதனை இல்லை, சான்று இல்லை. அடிபடுகிறவன் ஏன் ஓடுகிறான் என்று ஓடுகிறவனையே கேட்டிருந்தால் போதும். முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப ஆராய்ச்சி செய்தால் இப்படித்தான் ஆகும்.

கோடு கிழித்த கதை

1787-இல் அரசியலமைப்பை எழுதியபோதே சண்டை தொடங்கிவிட்டது. மக்கள்தொகைக்கு ஏற்ப நாடாளுமன்ற இடங்கள். அடிமைகளை மக்கள்தொகையில் சேர்ப்பதா, கூடாதா? தென் மாநிலங்கள் சேர்க்கச் சொன்னன. ஓட்டுப் போட மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை! கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று முடிவானது. உலகத்தின் விசித்திரமான பின்னங்களில் இதுவும் ஒன்று.

வட மாநிலங்கள் ஒவ்வொன்றாக அடிமைமுறையைக் கைவிட்டன. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே மேசன் - டிக்சன் கோடு என்று ஒன்றைச் சொல்வார்கள். அதை 1763 முதல் 1767 வரை அளந்தவர்கள், 1761-இல் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றதை நன்னம்பிக்கை முனையிலிருந்து கவனித்த வானியல் அறிஞர்கள் இருவர். இரண்டு குடியேற்றங்களின் எல்லைத் தகராறைத் தீர்க்கத்தான் அளந்தார்கள். பின்னாளில் அந்தக் கோட்டுக்கு இப்படியொரு பொருள் வரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

நாடு மேற்கே விரிந்தது. புதிய மாநிலம் பிறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: அங்கே அடிமைமுறை உண்டா, இல்லையா? 1820-இல் ஒரு சமரசம். மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம்; மேற்கு நிலங்களில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே, மிசௌரி தவிர, அடிமைமுறை கூடாது. வரைபடத்தில் கோடு கிழித்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். முப்பது ஆண்டுகள் எப்படியோ ஓட்டினார்கள்.

1850-இல் அடுத்த சமரசம். கலிபோர்னியா சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது. பதிலுக்கு, தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்க வடக்கில் உள்ளவர்களும் உதவ வேண்டும் என்று கடுமையான சட்டம் வந்தது. அதுவரை "தெற்கத்தியார் பாடு" என்று ஒதுங்கியிருந்தவர்களின் தெருவுக்கே அடிமைமுறை வந்துவிட்டது. 1852-இல் அடிமைமுறையைச் சாடி ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய நாவல் ஒரே ஆண்டில் மூன்று லட்சம் படிகள் விற்றது. 1854-இல் பழைய 36 பாகைக் கோட்டையே அழித்து, கேன்சஸ் மக்கள் தாங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். இரு தரப்பும் துப்பாக்கியோடு அங்கே குடியேறின. ஓட்டுக்கு முன் இரத்தம் சிந்தியது. 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகப் போட்ட வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்களே அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1859-இல் ஜான் பிரவுன் என்பவர், அடிமைகளைக் கிளர்ந்தெழச் செய்ய ஓர் ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கில் தொங்கினார். வடக்கில் சிலருக்கு அவர் தியாகி, தெற்குக்குக் கொடுங்கனவு.

1860 நவம்பரில் லிங்கன் வென்றார். நான்குமுனைப் போட்டியில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 ஓட்டு. தெற்கில் உள்ள அடிமைமுறையை உடனே ஒழிப்பேன் என்று அவர் சொல்லவில்லை. புதிய நிலங்களுக்குப் பரவ விடமாட்டேன் என்றுதான் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. டிசம்பர் 20-இல் தென் கரோலினா பிரிந்தது. மொத்தம் 11 மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தன. மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். ஆனால் பிரிந்தபோது மிசிசிப்பி வெளியிட்ட பிரகடனத்தை எடுத்துப் படித்தால், அடிமைமுறையைக் காக்கவே பிரிகிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. பிரிந்தவர்கள் தாமே எழுதிக் கொடுத்த காரணத்தைவிட வேறு சான்று தேவையில்லை.

மீண்டும் நம் வரைபடத்தைப் பாருங்கள். வர்ஜீனியாவின் மேற்கே வெளிறிய மலைப்பகுதி. அங்கே பெரும்பண்ணைகள் இல்லை, அடிமைகளும் குறைவு. அந்த மக்கள் பிரிவினையை ஏற்கவில்லை. 1863-இல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமாகி வடக்கோடு நின்றார்கள். நிறத்தின் அடர்த்தி, யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

வைக்கோல் தொப்பி

1861 ஏப்ரல் 12 விடியற்காலை, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் உள்ள சம்டர் கோட்டைமீது தெற்குப் படை குண்டு வீசியது. நான்கு ஆண்டுப் போர் தொடங்கியது.

தந்தியும் தண்டவாளமும் பெரிய அளவில் புகுந்த போர் இது. நாட்டின் இருப்புப்பாதையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வடக்கில் இருந்தது. தொழிற்சாலைகளும் அங்கேதான். தெற்கு, பருத்தியை நம்பியது. பஞ்சு இல்லாவிட்டால் இங்கிலாந்து பட்டினி கிடக்கும், நமக்கு உதவ ஓடி வரும் என்று கணக்குப் போட்டது. வடக்கின் கப்பல்கள் தெற்குத் துறைமுகங்களை அடைத்தன. லங்காஷயர் ஆலைகள் மூடின. தொழிலாளர்கள் உண்மையிலேயே பட்டினி கிடந்தார்கள். ஆனால் இங்கிலாந்து போரில் இறங்கவில்லை. எகிப்துக்கும் இந்தியாவுக்கும் திரும்பியது. பம்பாய் வியாபாரிகள் கொழித்தார்கள். நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று, போருக்கு 20 ஆண்டுகள் முன்பே தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பொறுப்பில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுச் சோதித்தார்கள். 1865-இல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது; இந்தியாவில் பலர் நொடித்துப்போனார்கள். அலபாமாவில் ஏற்பட்ட அதிர்வு அரபிக்கடல் கரை வரை வந்தது.

போர்க்களக் கதைகள் ஏராளம். எனக்குப் பிடித்தது ஒரு கப்பல் கதை.

ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற 23 வயது அடிமை, தெற்குப் படையின் 'பிளாண்டர்' என்ற நீராவிக் கப்பலைச் செலுத்தும் வேலையில் இருந்தார். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு, எந்தக் கோட்டையைக் கடக்க எந்த ஊதல் ஒலி எல்லாம் அவருக்கு அத்துப்படி. 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஸ்மால்ஸும் தோழர்களும் கொதிகலனை மூட்டினார்கள். வழியில் தங்கள் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார்கள். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை ஸ்மால்ஸ் தலையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்பது போலவே நின்றார். சம்டர் கோட்டை வந்தது. முறையான ஊதல் ஒலி. கோட்டைக் காவலர்கள் போக விட்டார்கள். பீரங்கி எட்டாத தூரம் போனதும் தெற்கின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். வடக்கின் கப்பல் சுடாமல் நின்றது. பதினாறு பேர் விடுதலை. கூடவே பீரங்கிகளும், எதிரியின் சமிக்ஞைப் புத்தகமும்.

அடிமைகள் லிங்கன் விடுவிக்கும் வரை கை கட்டிக் காத்திருந்தார்கள் என்று யாராவது சொன்னால் ஸ்மால்ஸின் கதையைச் சொல்லுங்கள். போர் தொடங்கிய அடுத்த மாதமே மூன்று பேர் படகில் தப்பி மன்ரோ கோட்டையில் வடக்குப் படையிடம் அடைக்கலம் புகுந்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் அறிவிப்பு நடைமுறைக்கு வந்தபின், ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்தார்கள்.

இந்தப் போரில் குண்டைவிடக் கிருமி அதிகம் பேரைக் கொன்றது. செத்த வீரர்களில் மூன்றில் இரண்டு பேர் டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மலேரியா போன்ற நோய்களால் செத்தார்கள். முகாமின் கழிவு குடிநீரில் கலந்தது. மருத்துவர் ஒரு வீரரின் காலை அறுத்த ரம்பத்தைத் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்தவருக்குப் போனார். கிருமிதான் சீழ் பிடிக்கக் காரணம் என்று அவருக்குத் தெரியாது. புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டதே 1867-இல்தான். மொத்தச் சாவு 6,20,000 என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2011-இல் ஒரு வரலாற்றறிஞர், போருக்கு முந்திய, பிந்திய மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டு, இருக்க வேண்டிய இளைஞர்களில் எத்தனை பேரைக் காணோம் என்று கணக்கிட்டார். சுமார் 7,50,000 என்று வந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அமெரிக்கர்கள் இத்தனை பேரை வேறெந்தப் போரிலும் இழந்ததில்லை.

1865 ஏப்ரல் 9 அன்று தெற்கின் தளபதி லீ, வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தார். ஐந்து நாள் கழித்து லிங்கன் நாடக அரங்கில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார்.

போருக்குப் பிறகு

இனிமேல்தான் கடினமான பாடம். 40 லட்சம் பேர் விடுதலை. அவர்களிடம் நிலம் இல்லை, பணம் இல்லை, எழுத்தறிவு இல்லை. அவர்கள் முதலில் செய்தவை இரண்டு. ஒன்று, சொந்தங்களைத் தேடியது. விற்கப்பட்ட அம்மாவை, தம்பியைத் தேடிப் பல ஆண்டுகள் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். இன்னொன்று, பள்ளிக்கூடம் போனது. பாட்டியும் பேரனும் ஒரே பெஞ்சில் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள்.

அரசு, விடுதலை பெற்றவர்களுக்காக ஒரு துறை அமைத்தது. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை தருவதாகக் கடலோரத்தில் நிலமும் ஒதுக்கப்பட்டது. லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பிடுங்கிப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். என் கணக்கில், போருக்குப்பின் தெற்கைச் சீரமைக்க நடந்த மறுகட்டமைப்பு முயற்சி தடம் புரண்ட இடம் இதுதான். சட்டம் கொடுத்த சுதந்திரத்தை நிலமில்லாதவன் எங்கே நின்று அனுபவிப்பான்?

ஆனாலும் சட்டங்கள் வந்தன. 1865-இல் 13-ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868-இல் 14-ஆவது, அந்நாட்டில் பிறந்த எல்லாரும் குடிமக்கள் என்றது. 1870-இல் 15-ஆவது, நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது. நம் ஸ்மால்ஸ் என்ன ஆனார்? போரின்போது எழுதப் படிக்கத் தெரியாதவர் கற்றுக்கொண்டார். தான் அடிமையாக இருந்த எஜமானரின் வீட்டையே விலைக்கு வாங்கினார். 1868-இல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் உட்கார்ந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். 1875-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார்.

எதிர்ப்பு பயங்கரமாக இருந்தது. முகமூடிக் கும்பல்கள் இரவில் வந்தன. ஓட்டுப் போடப் போனவரை அடித்தார்கள், கொன்றார்கள், பள்ளிகளைக் கொளுத்தினார்கள். வடக்கு சலித்துப்போனது. 1877-இல் தெற்கில் காவலுக்கு நின்ற கடைசிப் படையையும் விலக்கிக்கொண்டார்கள்.

பஞ்சு எடுக்கும் வேலைக்கு அப்போதும் பொறி வரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். முதலாளிகளுக்குக் கைகள் வேண்டும். எனவே விடுதலை பெற்றவர்கள் அதே காடுகளில் வாரத்துக்கு உழுதார்கள். நிலம், விதை, கோவேறு கழுதை முதலாளியுடையது. விளைச்சலில் பாதியும் அவருக்கு. மீதிப் பாதி, அரிசி பருப்பு வாங்கிய கடைக் கடனில் கழிந்துவிடும். கணக்கை எழுதுகிறவரும் முதலாளியே. பஞ்சு எடுக்கும் பொறி வயலுக்கு வந்து நிலைத்தது 1940-களில்தான்.

1895-இல் தென் கரோலினா மறுபடி ஓர் அரசியலமைப்பு எழுதியது. கறுப்பின மக்களின் ஓட்டை எழுத்தறிவுத் தேர்வாலும் வரியாலும் பறிப்பதே நோக்கம். 160 பேர் கொண்ட அந்த அவையில் கறுப்பினத்தவர் ஆறே பேர். அவர்களில் ஒருவர் ஸ்மால்ஸ். எழுந்து எதிர்த்துப் பேசினார். தோற்றார். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அங்கே பறிபோன ஓட்டு முழுமையாகத் திரும்பி வர 1965 வரை ஆனது. அந்த ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தை வரவழைத்த பெரும் நடைப்பயணம் தொடங்கிய ஊர் செல்மா. அலபாமாவின் அதே கறுப்பு மண் பட்டையில் இருக்கும் ஊர். அந்தப் பழங்கடலின் சுண்ணக்கல்லைப் புவியியலாளர்கள் இந்த ஊரின் பெயராலேயே அழைத்தார்கள்.

இன்னொரு செய்தி. அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்தை 1865-இல் நிராகரித்த மாநிலங்களில் மிசிசிப்பியும் ஒன்று. அந்த மாநிலத்தின் சட்டமன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது 1995-இல். தீர்மானத்தை உரிய அலுவலகத்துக்கு முறைப்படி அனுப்ப மறந்துவிட்டார்கள். அது போய்ச் சேர்ந்து பதிவானது 2013-இல்.